முதல் நாவலில் உள்ள கையெழுத்து என்னுடையது

பெயர்: மு. பொன்மணி
வயது: 53
கணவர் பெயர்: த. முத்துசெல்வம்
தொழில்: வீட்டிலிருந்து எம்பிராய்டரி தையல்
முகவரி: பாரதி நகர் 3-வது தெரு, கோவில்பட்டி
நாள், நேரம்: 18.11.2025, மாலை 4.30 மணி
இடம்: கோவில்பட்டி காவல் நிலையம், பெண் தலைமைக் காவலர் காவியா முன்னிலையில்

நான் மேற்கண்ட முகவரியில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். ஆங்கிலம் எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அர்த்தம் தெரியாது. புதியம்புத்தூரிலிருந்து கட்டுக் கட்டாக வரும் பள்ளிச் சீருடைகளில் சட்டைப் பையின் மேல் பள்ளியின் பெயரையும் முத்திரையையும் எம்பிராய்டரி போட்டுக் கொடுப்பது என் வேலை. எந்த எழுத்தைக் காட்டினாலும் அதே வளைவில், அதே சரிவில் போட்டுவிடுவேன் என்பதால் எனக்கு வேலை நின்றதில்லை. என் கணவர் எட்டயபுரம் சாலையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அவர் பி.ஏ. ஆங்கிலம் படித்தவர். எங்களுக்கு ஒரே மகள், கல்யாணமாகி கயத்தாற்றில் இருக்கிறாள்.

என் கணவர் கல்லூரியில் படித்தபோது ஹார்லன் விட்கோம்ப் என்ற அமெரிக்க நாவலாசிரியரின் புத்தகம் ஒன்றை நூலகத்தில் எடுத்து வாசித்திருக்கிறார். மழை இல்லாத பருத்திக் காட்டில் ஒரு குடும்பம் படும் பாடு அதில் வருகிறதாம். அதை வாசித்ததிலிருந்து அந்த அமெரிக்காக்காரர் தங்கள் ஊர்க்காரர் என்றே என் கணவர் பேசுவார். அவர் பெரிய பரிசுகள் வாங்கி உலகம் முழுக்கப் பெயர் எடுத்தவர், நான்கு வருடங்களுக்கு முன்பு இறந்துபோனார். அன்று என் கணவர் கடை திறக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் வேண்டிய ஒருவர் தவறிவிட்டார் என்று சொன்னதால், மறுநாள் காலையில் இரண்டு பேர் எங்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தார்கள். செத்தவருக்கு என்ன வயது என்று கேட்டதற்கு எண்பத்தெட்டு என்று சொன்னேன். கல்யாணச் சாவுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர் எழுதிய நாவல்கள் மொத்தம் ஒன்பது. அவற்றில் எட்டை என் கணவர் முப்பது வருடங்களாகத் தேடித் தேடி வாங்கி வைத்திருந்தார். சும்மா புத்தகம் என்றால் அவருக்கு ஆகாது, முதல் பதிப்பாக இருக்க வேண்டும். புத்தகத்தின் உள்ளே வரிசையாக எண்கள் போட்டிருப்பார்கள், அதில் ஒன்று என்ற எண் இருந்தால்தான் முதல் பதிப்பு என்று எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார். இதை நான் இங்கு சொன்னபோது உதவி ஆய்வாளர் சுடலைக்குமார் ஐயா தன் மேசையில் இருந்த சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்கள். அது பதினான்காம் பதிப்பாக இருந்தது.

முதல் பதிப்போடு எழுதியவரின் கையெழுத்தும் இருந்தால் அதற்கு மதிப்பு அதிகம். அப்படிக் கையெழுத்துள்ளவை மூன்று எங்கள் வீட்டில் உள்ளன. இந்த எட்டுப் புத்தகங்களும் பீரோவின் மேல் தட்டில் பிளாஸ்டிக் உறை போட்டு, அந்து உருண்டையோடு இருக்கும். அந்தத் தட்டில் முன்பு இருந்த என் மூன்று பட்டுச் சேலைகள் இப்போது அரிசி டிரம்முக்கு மேலே ஒரு அட்டைப் பெட்டியில் இருக்கின்றன. புத்தகத்தைத் தொடுவதற்கு முன் யாராக இருந்தாலும் கையைக் கழுவித் துடைத்துக் காட்ட வேண்டும். என் சம்பந்தி கூட காட்டியிருக்கிறார்.

இல்லாத ஒன்பதாவது புத்தகம்தான் அவர் எழுதிய முதல் நாவல். அது ஒன்று கையெழுத்தோடு கிடைத்தால் தனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று என் கணவர் பல தடவை சொல்லியிருக்கிறார். கடந்த 05.06.2025 அன்று அவருக்கு அறுபதாம் கல்யாணம் நடக்க இருந்ததால், அவருக்குத் தெரியாமல் அதை வாங்கிக் கொடுப்பது என்று நான் முடிவு செய்து, பெங்களூருவில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கும் ஹரி என்பவரின் எண்ணை என் கணவரின் செல்போனிலிருந்து எடுத்துப் பேசினேன். இந்த ஹரிதான் இப்போது மனு கொடுத்திருப்பவர். அவருக்குத் தமிழ் பேச வரும், எழுதப் படிக்க வராது. விட்கோம்ப்பின் முதல் நாவல் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்று சொல்லி ஒரு விலை சொன்னார். என் தையல் கூலியில் சேர்த்து வைத்திருந்ததை அனுப்பினேன்.

24.05.2025 சனிக்கிழமை காலை என் கணவர் கடைக்குப் போன பிறகு பார்சல் வந்தது. கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் பிரித்தேன். ஒன்று என்ற எண் இருந்தது. கையெழுத்து எந்தப் பக்கத்திலும் இல்லை. இரண்டு தடவை பக்கம் பக்கமாகப் பார்த்தேன். அதன் பிறகு ஹரிக்குப் போன் செய்து, பார்சல் பிரித்ததைச் சொல்லாமல், நான் வாங்கியது கையெழுத்துள்ளதுதானா என்று மட்டும் கேட்டதற்கு, கையெழுத்துள்ள பிரதி வேறு, இல்லாத பிரதி வேறு, நான் கட்டியது இல்லாததற்கு, உள்ளது வேண்டுமானால் அதைப்போல ஆறு மடங்கு ஆகும் என்று சொன்னார். நான் சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஆனால் அதற்கு முந்திய வாரமே நான் என் மகளிடமும் சம்பந்தி வீட்டிலும், கையெழுத்துப் போட்டதே வருகிறது என்று சொல்லிவிட்டிருந்தேன்.

அதன் பிறகு அன்று மதியமே பீரோவைத் திறந்து, கையெழுத்துள்ள மூன்று புத்தகங்களையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒரு பள்ளிக்கூட முத்திரையை விட அது கஷ்டமாக இல்லை. முதல் எழுத்து கம்பு போன ஏணி மாதிரி இருக்கும், நடுவில் தையல் ஏறி இறங்குவது போல இரண்டு மடிப்பு வரும், கடைசியில் நூல் அறுந்தது போல வால் கீழே இறங்கி நிற்கும். கறுப்பு மை பேனா ஒன்று வாங்கி, ஜாக்கெட் வெட்டுவதற்கு வைத்திருந்த பழுப்புத் தாளில் எழுதிப் பழகினேன். தினமும் சீருடை வேலையை முடித்துவிட்டு இரண்டு மணி நேரம் பழகினேன். முதல் மூன்று நாள் அது பள்ளிக்கூடப் பெயர் போலவே வந்தது. எட்டாவது நாள் கையை எடுக்காமல் போட வந்தது. பதினோராவது நாள் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கதவைத் தாழ் போட்டுவிட்டு, புத்தகத்தின் பெயர் உள்ள பக்கத்தில் ஒரே தடவையில் போட்டுவிட்டேன். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, யாருக்கும் தெரியாது. என் கணவருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

05.06.2025 அன்று செண்பகவல்லி அம்மன் கோயிலில் விசேஷம் முடிந்து, சொந்தக்காரர்கள் எல்லோரும் போன பிறகு சாயங்காலம் அவர் கையில் அதைக் கொடுத்தேன். அவர் கை கழுவித் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்து திறந்தார். அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிப் புது வேட்டி முனையில் துடைத்தார். கண்ணாடி நன்றாகத்தான் இருந்தது.

"எத்தன நாளாச்சு?" என்று கேட்டார்.

பார்சல் வந்து எத்தனை நாள் என்று கேட்கிறார் என்று நினைத்தேன், ஆனால் வாயில் பழகிய நாள் கணக்கே வந்து, பதினோரு நாள் என்று சொல்லிவிட்டேன். அன்று இரவு சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைத்தார்.

அதன் பிறகு ஐந்து மாதமாக வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். கேஸ் சிலிண்டர் போட வந்தவருக்கும் காட்டினார். காட்டும்போது பக்கத்தின் தலைமாட்டில் கட்டை விரலை ஊன்றிப் பிடித்துக்கொண்டுதான் காட்டுவார். தாள் புரளாமல் இருக்க அப்படிப் பிடிக்கிறார் என்று நினைத்தேன். அவர் காட்டும் ஒவ்வொரு தடவையும் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

09.11.2025 ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹரி என் கணவருக்குப் போன் செய்தார். ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியர் வீட்டில் பழைய ஆங்கிலப் புத்தகங்கள் வாங்க வந்ததாகவும், முந்திய இரவு பெய்த மழையில் கார் கரிசலில் இறங்கிவிட்டதாகவும், இந்தப் பக்கத்தில் தனக்கு வேறு யாரையும் தெரியாது என்றும் சொன்னார். என் கணவர் தெரிந்த டிராக்டர்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டு போய்க் காரை இழுத்து வெளியே எடுத்து, ஹரியை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்தார். ஹரி நான் நினைத்ததை விட உயரமாக இருந்தார். வாசலில் உட்கார்ந்து செருப்பில் அப்பியிருந்த மண்ணைக் குச்சியால் சுரண்டி எடுத்த பிறகு சாதாரண உயரம்தான் இருந்தார். கோழிக் குழம்பு வைத்திருந்தேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் புத்தகங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். என் கணவர் பீரோவைத் திறந்துவிட்டு, அவருக்குக் கை துடைக்கத் துண்டு எடுக்கப் பின்கட்டுக்குப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் ஹரி முதல் நாவலைத் தானே எடுத்துத் திறந்துவிட்டார். அதன் பிறகு அவர் முகம் மாறிவிட்டது. தன் கடையில் இந்த நாவல் கையெழுத்தோடு ஒன்றும் இல்லாமல் ஒன்றும் இருந்ததாகவும், கையெழுத்துள்ளது ஜூன் மாதம் தேடியபோதே காணவில்லை என்றும், தன் கடை ஆள் மாற்றி அனுப்பியதை நாங்கள் தெரிந்தே வாயை மூடி வைத்துக்கொண்டோம் என்றும் சொன்னார். ஒன்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மிச்ச விலையைக் கொடுக்க வேண்டும் என்றார்.

என் கணவர், "ரெண்டும் முடியாது" என்று மட்டும் சொன்னார். ஏன் என்று ஹரி திரும்பத் திரும்பக் கேட்டும் காரணம் சொல்லவில்லை. அந்த நேரத்தில் நான் மோர் டம்ளரோடு கதவருகில் நின்றுகொண்டிருந்தேன். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். ஐந்து மாதமாக அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்ட மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மோரை ஹரியிடம் கொடுத்தேன். அவர் கோபமாகவே வாங்கிக் குடித்தார். அதன் பிறகு புறப்பட்டுப் போய், ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்து மனு கொடுத்திருக்கிறார். இது எனக்குத் தெரியாது.

இன்று காலை என் கணவர் அந்தப் புத்தகத்தைத் துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு, கயத்தாற்றில் ஒரு மோட்டார் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். மோட்டார் பார்க்கப் போகிறவர் கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் போனது எனக்கு வித்தியாசமாகப் பட்டது. மதியம் பன்னிரண்டு மணி அளவில் பக்கத்துக் கடை சாமித்துரை அண்ணாச்சி போன் செய்து, என் கணவர் காலையிலிருந்து காவல் நிலையத்தில் உட்கார்ந்திருப்பதாகவும், யார் என்ன கேட்டாலும் பேசாமல் இருப்பதாகவும், இப்படியே இருந்தால் வழக்குப் போட்டுவிடுவார்கள் என்றும் சொன்னார். நான் ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்திவிட்டு, கையெழுத்துப் பழகிய பழுப்புத் தாள்களைத் தேடி எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். அந்தத் தாள்களில் சிலவற்றை வீணாக்க மனமில்லாமல் ஜாக்கெட் அளவுக்கு வெட்டி வைத்திருந்தேன். ஆகவே சிலவற்றில் ஒரு பக்கம் கை அளவும் மறு பக்கம் அமெரிக்காக்காரர் கையெழுத்தும் இருக்கின்றன. அவற்றை இங்கே ஒப்படைத்திருக்கிறேன்.

நிலையத்துக்கு வந்ததும், அந்தக் கையெழுத்தைப் போட்டது நான்தான் என்று உதவி ஆய்வாளர் ஐயாவிடம் சொன்னேன். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். ஹரி நம்பவில்லை. இருபது வருடமாகத் தனக்கு இதுதான் தொழில் என்றும், மை இறங்கிய விதத்தையும் கை ஓடிய வேகத்தையும் பார்த்தே தான் சொல்லிவிட முடியும் என்றும், இது விட்கோம்ப் தன் கையால் போட்டதுதான், புருஷனைக் காப்பாற்ற இந்த அம்மா பொய் சொல்கிறார்கள் என்றும் சொன்னார். அதோடு, கையெழுத்துக்கு மேலே, பக்கத்தின் தலைமாட்டில் 2 என்று எண் போட்டிருப்பதைக் காட்டினார். ரொம்ப நெருக்கமான நண்பர்களுக்குக் கொடுக்கும் பிரதிகளில் மட்டும் எழுத்தாளர் இப்படி வரிசை எண் போடுவார், இது இரண்டாம் பிரதி, ஆகவே தான் மனுவில் எழுதிய மதிப்பே குறைவு, கூட்டி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

உதவி ஆய்வாளர் ஐயா புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்கள். பிறகு பெண் தலைமைக் காவலரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுவிட்டார்கள்.

உதவி ஆய்வாளர் ஐயா, "சார், இது ரெண்டு இல்ல. பிள்ளையார் சுழி," என்று சொன்னார்கள்.

ஹரி அப்படியென்றால் என்ன என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் எதை எழுதத் தொடங்கினாலும் முதலில் தலைப்பில் உ என்று போடுவோம் என்று விளக்கினார்கள். அதன் பிறகு என்னைப் பார்த்து, உங்கள் அமெரிக்காக்காரர் பிள்ளையார் கும்பிடுவாரா என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். நான் அதைப் போட்டதே எனக்கு ஞாபகம் இல்லை. கை தானாகப் போட்டிருக்கிறது.

அதன் பிறகு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, அதே கையெழுத்தைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். ஐந்து தடவை போட்டேன். ஹரி தாளையும் புத்தகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு பெங்களூருவில் உள்ள தன் கடைக்குப் போன் செய்து நன்றாகத் தேடச் சொன்னார். முக்கால் மணி நேரம் கழித்து, கையெழுத்துள்ள பிரதி சமையல் புத்தகக் கட்டுக்குள் இருந்து கிடைத்துவிட்டதாகப் போன் வந்தது.

அதன் பிறகு உதவி ஆய்வாளர் ஐயா என் கணவரிடம், இது உங்கள் மனைவி போட்டது என்று உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டார்கள். அவர், "மொத நாளே தெரியும் சார். முப்பது வருசமா மளிகைச் சீட்டுல பாக்குதேன், அந்தச் சுழி எனக்குத் தெரியாதா," என்று சொன்னார்.

அப்படியென்றால் அன்றே ஹரியிடம் சொல்லியிருக்கலாமே, காலையிலிருந்து இங்கே ஏன் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று ஐயா கேட்டார்கள்.

"சொன்னா இவளுக்கு அசிங்கமாப் போயிரும் சார். குடுத்துரலாம்னு பாத்தா, இவிய கேக்கது அமெரிக்காக்காரர் போட்டது. அது எங்கிட்ட இல்ல. இருக்கது இவ போட்டது. அத எப்படி இன்னொருத்தருக்குக் குடுக்க?" என்றார்.

நான் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். பெண் தலைமைக் காவலர் கொடுத்தார்கள். அவர் கட்டை விரலை ஊன்றிப் பிடித்தது எதற்காக என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஐந்து மாதமாக எல்லாம் தெரிந்துகொண்டே கேஸ்காரர் வரைக்கும் காட்டியிருக்கிறார் என்பதில் எனக்குக் கோபமும் வந்தது. அதை வீட்டில் போய்ப் பேசிக்கொள்கிறேன்.

அதன் பிறகு ஹரி தன் மனுவைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தார். மனுவை முடித்து வைக்க என்னிடம் வாக்குமூலம் வாங்க வேண்டும், எழுதுகிறவர் சாப்பிட்டுவிட்டு வரும் வரை காத்திருங்கள் என்று சொன்னதால் நான் வெளி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் கணவர் டீ வாங்கப் போயிருந்தார். அப்போது ஹரி வந்து பெஞ்சின் மறு முனையில் உட்கார்ந்தார். குழம்பு நன்றாக இருந்தது, அன்று கோபத்தில் சொல்ல விட்டுப்போயிற்று என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, இதே மாதிரி இறந்துபோன இன்னும் இரண்டு அமெரிக்க எழுத்தாளர்களின் கையெழுத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். சீருடை வேலையில் ஒரு மாதம் கிடைக்கும் கூலியை ஒரு கையெழுத்துக்கே தருவதாகச் சொன்னார். பிள்ளையார் சுழி மட்டும் வேண்டாம் என்றார்.

நான், "ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றேன். அவர் என் கணவரிடம் கேட்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு, பொறுமையாகக் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். நான் எழுந்து உள்ளே போய், இந்த மாதிரி செய்து கொடுக்கலாமா, அதில் ஏதும் தப்பு வருமா என்று உதவி ஆய்வாளர் ஐயாவிடம் கேட்டேன். ஐயா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, யார் கேட்டது என்று கேட்டார்கள். சொன்னேன்.

அதன் பிறகு ஹரியை மறுபடி உள்ளே அழைத்து உட்கார வைத்திருக்கிறார்கள். அவர் காரிலிருந்த இரண்டு பெட்டிப் புத்தகங்களும் இறக்கி உள்ளே கொண்டுவரப்பட்டுள்ளன. அவற்றில் கையெழுத்துள்ளவை எத்தனை, அவை யார் போட்டவை என்று அவரிடம் தனியாக விசாரணை நடந்து வருகிறது. அவருக்கும் ஒரு டீ வாங்கி வந்த என் கணவர், அந்தப் பெட்டிகளில் விட்கோம்ப் இருந்தால் தான் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டுக் கையைக் கழுவப் போயிருக்கிறார்.

நான் அந்தக் கையெழுத்தை விற்பதற்காகவோ யாரையும் ஏமாற்றுவதற்காகவோ போடவில்லை. இனிமேல் எந்தப் புத்தகத்திலும், உயிரோடு இருப்பவர் இறந்தவர் யாருடைய கையெழுத்தையும் போட மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன். மேலே எழுதியிருப்பது முழுவதும் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. எல்லாம் நடந்தபடியே சரியாக உள்ளது என்று ஒப்புக்கொண்டு, என் சொந்தக் கையெழுத்தை என் சொந்தப் பெயரில் இடுகிறேன்.

(ஒப்பம்) மு. பொன்மணி

என் முன்பாக,
(ஒப்பம்) சுடலைக்குமார்
உதவி ஆய்வாளர், கோவில்பட்டி